யாரங்கே என்று யாரும் கேட்கவில்லை

கேள்வி இதுதான்: "நைட் ஆஃப் த லிவிங் டெட் (1968) பார்த்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம், அவ்வளவுதான். இதைப் போய் அமெரிக்க இனவெறியைப் பற்றிய படம் என்று எழுதித் தள்ளுகிறார்களே? நாயகனை நல்ல நடிகர் என்பதால்தான் எடுத்தேன், தோல் நிறத்துக்காக இல்லை என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். அப்புறம் இதெல்லாம் விமர்சகர்கள் ஏற்றிச் சொல்வதுதானே?"

இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ அப்படிச் சொன்னது உண்மை. ஒரு தடவை இல்லை, வயதான பிறகும் பல பேட்டிகளில் சொன்னார். வந்து நடித்துக் காட்டியவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாகச் செய்தார், எடுத்துக்கொண்டோம் என்பார். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு படத்துக்குள் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினால், படப்பிடிப்பில் யோசிக்கிற ஆள் இயக்குநர் ஒருவர்தான், நடிக்க வந்தவர் சொன்னதைச் செய்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார் என்று ஆகிவிடும். ஜோன்ஸ் அப்படிப்பட்ட ஆள் இல்லை. விஷயமே அவரிடம்தான் இருக்கிறது. இயக்குநர் என்ன நினைத்தார் என்று ஐம்பது வருடமாகக் கேட்டவர்கள், நடித்தவர் என்ன நினைத்தார் என்று கேட்டது குறைவு.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்வேன். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

பார்பராவும் அவள் உடன்பிறந்தான் ஜானியும் அப்பாவின் கல்லறைக்கு மலர் வளையம் வைக்க வருகிறார்கள். அங்கே தள்ளாடி நடந்து வரும் ஒரு ஆள் பார்பராவைப் பிடிக்கிறான். தடுக்கப் போன ஜானி கல்லறைக் கல்லில் தலை மோதிச் சாகிறான். அவள் ஓடிப்போய் ஆளில்லாத ஒரு பண்ணை வீட்டுக்குள் ஒளிகிறாள். பிறகு அங்கே பென் வருகிறான். ஜோன்ஸ் நடித்த வேடம் இதுதான். கறுப்பின இளைஞன், முப்பது வயதிருக்கும். சன்னல் கதவுகளுக்குப் பலகை அடிக்கிறான், துப்பாக்கியைத் தேடி எடுக்கிறான், வானொலியைத் திருகிச் செய்தி கேட்கிறான். செத்தவர்கள் எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்களாம். கொஞ்ச நேரம் கழித்து நிலவறைக் கதவு திறக்கிறது. உள்ளே இத்தனை நேரமும் ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள்: ஹாரி கூப்பர், அவர் மனைவி ஹெலன், கடிபட்டுக் கிடக்கும் மகள் கேரன், டாம், ஜூடி என்ற இளஞ்சோடி. மேலே ஒருத்தி கதறியதைக் கேட்டும் ஹாரி வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு படம் முழுக்க ஒரே சண்டைதான். எல்லோரும் நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார் ஹாரி. நிலவறைக்கு ஒரே வழி, மாட்டிக்கொண்டால் செத்தோம், மேலேயே இருப்போம் என்கிறான் பென். கீழே நீ முதலாளியாக இருந்துகொள், மேலே நான்தான் முதலாளி என்று ஒரு கட்டத்தில் பென் கத்துகிறான். வெளியே பிணங்கள் கூடிக்கொண்டே போகின்றன. உள்ளே இவர்கள் யார் சொல்வதை யார் கேட்பது என்று அடித்துக்கொள்கிறார்கள். வண்டிக்கு எரிபொருள் போடப் போன இடத்தில் தீப்பிடித்து டாமும் ஜூடியும் எரிந்துபோகிறார்கள். ஓடிவரும் பென்னுக்கு ஹாரி கதவைத் திறப்பதில்லை. கதவை உடைத்து உள்ளே வந்த பென் அவரை அடி அடியென்று அடிக்கிறான். கடைசியில் சுடவும் செய்கிறான். செத்து எழுந்த மகள் கேரன் அப்பனைத் தின்கிறாள், அம்மாவைக் கொத்துக்கரண்டியால் குத்திக் கொல்கிறாள். பார்பராவை இழுத்துக்கொண்டு போகிற கூட்டத்தில் முன்னே நிற்பவன் ஜானி.

பென் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். எங்கே ஒளிந்து மிஞ்சுகிறான் தெரியுமா? அதே நிலவறைக்குள். ஹாரி சொன்னதுதான் சரி! இந்தப் படத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பென் தியாகியும் இல்லை, ஞானியும் இல்லை. அவன் போட்ட திட்டத்தில்தான் இரண்டு பேர் எரிந்தார்கள். கோபக்காரன், பிடிவாதக்காரன், கெட்டிக்காரன். ஒரு வெள்ளைக்கார நாயகனுக்கு எவ்வளவு குறை இருக்கலாமோ அவ்வளவு குறை அவனுக்கும் உண்டு.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அன்றைக்கு ஹாலிவுட்டில் கறுப்பின நாயகன் என்றால் சிட்னி பாய்ட்டியே. அருமையான நடிகர், 1964-ல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கியவர். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடங்களில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டே வரும்: அந்த மனிதர் அப்பழுக்கில்லாதவராக இருக்க வேண்டும். 1967 டிசம்பரில் வெளியான 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வரும் அவர் உலகப் புகழ்பெற்ற மருத்துவர். அவ்வளவு தகுதி இருந்தும் பெண் வீட்டார் இரண்டு மணி நேரம் யோசிக்கிறார்கள். அதே வருடம் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்குக்கு வடக்கே ஈவன்ஸ் சிட்டி பக்கம் ஒரு இடிக்கப்போகிற வீட்டில், தகுதிச் சான்றிதழ் எதுவும் இல்லாத ஒரு கறுப்பின இளைஞன் வெள்ளைக்காரர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

எடுத்தவர்கள் யார்? பிட்ஸ்பர்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பையன்கள். ரொமேரோவுக்கு அப்போது 27 வயது. பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்தார்கள். முடிக்கும்போது செலவு ஏறக்குறைய 1,14,000 டாலர், ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. ரத்தத்துக்கு சாக்லேட் பாகு. பணம் போட்டவர்களே நடித்தார்கள், ஒப்பனை போட்டார்கள், துடைப்பமும் பிடித்தார்கள். ஹாரியாக நடித்த கார்ல் ஹார்ட்மனும் ஜானியாக நடித்த ரசல் ஸ்ட்ரைனரும்தான் படத்தின் தயாரிப்பாளர்கள்.

சரி, ஜோன்ஸுக்கு வருகிறேன். கதையை எழுதியபோது பென் ஒரு லாரி ஓட்டுநர், கொச்சையாகப் பேசுகிற முரட்டு ஆள். என்ன இனம் என்று குறிப்பிடவில்லை. அந்தக் காலத்தில் குறிப்பிடாவிட்டால் வெள்ளை என்று அர்த்தம். ஜோன்ஸ் நன்றாகப் படித்தவர், ஆங்கிலம் கற்பித்தவர், நாடகக்காரர். அந்தக் கொச்சைப் பேச்சை அப்படியே பேச அவருக்கு ஒப்பவில்லை. கறுப்பு முகம், கரடுமுரடான பேச்சு, கையில் துப்பாக்கி என்று திரையில் வந்தால் பார்ப்பவன் மனதில் எந்தப் பழைய படம் ஓடும் என்று அவருக்குத் தெரியும். வசனங்களைத் தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். நீங்கள் திரையில் கேட்கும் அந்த நிதானமான, அளந்து பேசும் பென் அவர் செய்தது.

இன்னொரு காட்சி. பதறிப்போன பார்பரா வெளியே ஓடப் பார்க்கிறாள், தடுக்கும் பென்னை அறைகிறாள். அவன் திருப்பி அடிக்கிறான், அவள் மயங்கி விழுகிறாள், தூக்கிச் சோபாவில் படுக்கவைத்துக் கோட்டுப் பொத்தானைத் தளர்த்துகிறான். இன்று பார்ப்பவருக்கு இது ஒரு காட்சி. 1967-ல் அதை நடிக்க வேண்டியவருக்கு அப்படி இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணிடம் வாலாட்டினான் என்று சொல்லி எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை மிசிசிப்பியில் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டது 1955-ல். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே 1967 ஜூன் 12-ல்தான். இந்தப் படம் எடுக்கப்பட்ட அதே வருடம். அந்த அடியைப் பற்றி ஜோன்ஸ் கவலைப்பட்டிருக்கிறார். மற்றவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. நாம் முற்போக்கானவர்கள், இனத்தையெல்லாம் பார்ப்பதில்லை என்ற நினைப்பு. ரொமேரோவே பிற்காலத்தில், அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது என்ற தொனியில் பேசியிருக்கிறார்.

நிறம் பார்க்காமல் எடுத்தேன் என்பது இயக்குநருக்கு ஒரு சௌகரியம். ஜோன்ஸுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. படப்பிடிப்பு முடிந்து அதே தோலோடுதான் அவர் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த முரண்தான் படத்துக்குப் பலம் ஆனது என்பது என் எண்ணம். நாயகன் கறுப்பினத்தவர் என்று முடிவானதும் புத்திசாலியான வேறொரு குழு என்ன செய்திருக்கும்? ஹாரி வாயில் ஒரு வசைச் சொல்லைத் திணித்திருக்கும். பென் தன் வலியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருப்பான். இவர்கள் ஒன்றும் செய்யவில்லை. தொண்ணூற்றாறு நிமிடப் படத்தில் இனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால் என்ன ஆனது? ஹாரி இந்தப் பையன் சொல்வதை ஏன் கேட்க மாட்டேன் என்கிறார் என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயமா, வீட்டுத் தலைவன் என்கிற வீம்பா, வேறு ஏதாவதா? படம் சொல்லாது. நம் ஊரில் ஒருவர் ஒருவரிடம் சாதியைச் சொல்லாமலே சாதியைக் காட்டுவது எப்படி என்று நமக்குத் தெரியும். டம்ளர் எந்தக் கையில் வருகிறது என்பதே போதும். அதனால் இந்த மௌனத்தைப் படிப்பதற்குத் தமிழ் வாசகருக்கு விளக்கவுரை தேவையில்லை.

இப்போது அந்த முடிவு. விடிகிறது. ஊர்க்காவல் கும்பல் ஒன்று நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வயல் வழியே வருகிறது. ஷெரிஃப் இருக்கிறார், சுற்றுவட்டார வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் காப்பி கொடுத்துக்கொள்கிறார்கள், ஏதோ திருவிழாவுக்குக் கிளம்பியதைப் போன்ற உற்சாகம். சத்தம் கேட்டுப் பென் நிலவறையிலிருந்து மெல்ல ஏறி வந்து சன்னலோரம் நின்று எட்டிப் பார்க்கிறான். கும்பலில் ஒருவன் குறிபார்க்கிறான். நெற்றியில் சுடச் சொல்கிறார் ஷெரிஃப். ஒரே குண்டு. நல்ல குறி என்று பாராட்டிவிட்டு, தீயில் போட இன்னும் ஒன்று என்கிறார்.

பிணம் என்று நினைத்துச் சுட்டார்களா, தெரிந்தே சுட்டார்களா? படம் அதற்குப் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒன்றைக் காட்டுகிறது: யாரங்கே என்று ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. சன்னலில் ஒரு உருவம் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அசையும் படமே நின்றுவிடுகிறது. செய்தித்தாளில் அச்சான படங்களைப் போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும் நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இறைச்சிக்கடைக் கொக்கிகளைக் கையில் பிடித்த ஆண்கள். தரையில் கிடக்கும் பென்னின் முகம். கொக்கியால் இழுத்துத் தூக்கி விறகின்மேல் போடுகிறார்கள். அமெரிக்காவில் கறுப்பர்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துத் தூக்கிலிட்டவர்கள் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சடித்து விற்கப்பட்டன, ஊருக்கு ஊர் அனுப்பப்பட்டன. அதைப் பார்த்தவர்கள், கேள்விப்பட்டவர்கள், அதில் சொந்தக்காரனை இழந்தவர்கள் 1968-ல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த நிழற்படங்களைப் பார்த்து விமர்சகர் யாரும் வந்து ஏற்றிச் சொல்லத் தேவையிருந்திருக்காது. நாய்களும் அப்படியே. 1963-ல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் கறுப்பினச் சிறுவர்கள்மீது போலீஸ் நாய்களை ஏவிவிட்ட படம் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடியது.

இங்கேதான் ஜோன்ஸின் பங்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பென் தப்பிப்பதாக முடிக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அவர் இந்த முடிவின் பக்கம் நின்றார். நடந்ததெல்லாம் நடந்து முடிந்த பிறகு, ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு காப்பாற்றலை ஒட்டினால் அது பொய்யாக இருக்கும், அதைவிட நான் சாவதைப் பார்க்கவே என் மக்கள் விரும்புவார்கள் என்ற பொருளில் பின்னாளில் சொன்னார். ஆக, திரைக்கதையில் அந்தச் சாவு ஒரு கசப்பான திருப்பமாக இருந்தது. அதற்கு வேறொரு பொருள் உண்டு என்று தெரிந்தே அதைச் செத்துக் காட்டியவர் ஜோன்ஸ். இயக்குநர் நினைக்கவில்லை என்பதால் படத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

படம் விற்பனைக்குப் போனபோது கொலம்பியா பட நிறுவனம் வேண்டாம் என்றது. முடிவை மென்மையாக்கித் திரும்ப எடுங்கள் என்ற யோசனையையும் இவர்கள் ஏற்கவில்லை. ரொமேரோ சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. முடிந்த பிரதியைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு நியூயார்க்குக்குப் போகும் வழியில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார் என்ற செய்தி வானொலியில் வருகிறது. 1968 ஏப்ரல் 4. பின்பெட்டியில் இருந்த சுருளின் கடைசியிலும் ஒரு கறுப்பின மனிதன் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்துக் கிடக்கிறான். படம் எடுத்துக்கொண்டிருந்த 1967 கோடையில் நியூவர்க்கில் 26 பேரும் டெட்ராய்ட்டில் 43 பேரும் கலவரத்தில் இறந்திருந்தார்கள். வியட்நாமிலிருந்து பிணங்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சி வாசித்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி என்றதும் ஞாபகம் வருகிறது: படத்தில் செய்தி அறிவிப்பாளர் முதலில் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்கிறார், பிறகு வெளியேறி நிவாரண மையங்களுக்குப் போங்கள் என்கிறார். வாஷிங்டனில் விஞ்ஞானி ஒன்று சொல்ல, ராணுவ அதிகாரி வேறொன்று சொல்லி மழுப்பிக்கொண்டே காரில் ஏறுகிறார். 2020-ல் ஊரடங்கின்போது இதைத் திரும்பப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. பிணம் எழுந்ததற்குக் காரணமாக வெள்ளிக் கோளுக்குப் போய்வந்த விண்கலத்தின் கதிர்வீச்சு என்று ஏதோ சொல்வார்கள். அதை விட்டுத்தள்ளுங்கள், எடுத்தவர்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரொமேரோ எதையுமே நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர் மனதில் இருந்தது வேறு. பழைய சமூகத்தைப் புதிய சமூகம் ஒன்று தின்று தீர்க்கிறது, பழையவர்கள் அதைப் பார்த்தும் தங்கள் சில்லறைச் சண்டையை விடவில்லை, இதுதான் அவர் எடுக்க நினைத்த கதை. ரிச்சர்ட் மாத்திசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) நாவலிலிருந்து விதையை எடுத்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டவர்.

இவை ஜாம்பிகள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். படத்தில் அந்தச் சொல்லே வராது. பிணந்தின்னிப் பேய் என்ற பொருள்படும் 'கூல்' என்ற சொல்தான் வரும். பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கும் பேய்களைப் படித்த நமக்கு அது அவ்வளவு அன்னியமும் இல்லை. ஜாம்பி என்ற சொல்லுக்கு உள்ளே இருக்கும் கதை வேறு. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அது ஹைட்டியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் செத்துச் செத்து விழுந்த தீவு அது. செத்தாலாவது விடுதலை, ஆன்மா மூதாதையர் நாட்டுக்குத் திரும்பிவிடும் என்பது அவர்களுக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை. ஜாம்பி அந்த நம்பிக்கையையும் பறிப்பது. செத்த உடலை மந்திரவாதி எழுப்பி வயலில் வேலை வாங்குவான், சாவுக்குப் பிறகும் அடிமை. ஹைட்டியர் பயந்தது ஜாம்பியிடம் மாட்டிக்கொள்வதற்கு இல்லை, தாங்களே ஜாம்பி ஆகிவிடுவதற்குத்தான். 1791-ல் தொடங்கிய கிளர்ச்சியில் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களை விரட்டி 1804-ல் சுதந்திர நாடானார்கள். பிறகு 1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவம் அங்கே உட்கார்ந்திருந்தது, சாலை போடக் கட்டாய வேலையும் வாங்கியது. அந்தக் காலத்தில்தான் ஜாம்பிக் கதை கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. 1932-ல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி உண்டு. கண் நிலைகுத்திய ஆட்கள் ஆலையைச் சுற்றித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் தடுமாறி அரைக்கும் இயந்திரத்துக்குள் விழுவான். மற்றவர்கள் தலையைக்கூடத் திருப்பாமல் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்தப் படத்துக்குத் தலைப்பிலேயே தெரிகிறபடி, கவலையெல்லாம் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஜாம்பி ஆகிவிட்டாளே என்பதுதான்.

ரொமேரோவின் பிணங்களுக்கு எஜமான் கிடையாது. யாரும் அவற்றை ஏவவில்லை. அவை பக்கத்து வீட்டுக்காரர்கள்: இரவு உடையில் ஒரு கிழவர், கோட்டுப் போட்ட ஒரு குமாஸ்தா. அடிமையின் கெட்ட கனவாக இருந்த ஒன்று நடுத்தர வர்க்கத்தின் முகத்தோடு வாசலில் வந்து நிற்கிறது. அதை எதிர்த்துப் பலகை அடிப்பவன் அடிமைகளின் வழித்தோன்றல். இதை அவர் திட்டமிட்டார் என்று நான் வாதாட மாட்டேன். திட்டமிட்டிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பதும் என் சந்தேகம்.

ஏனென்றால் திட்டமிட்டு எடுத்த படமும் அவரிடம் இருக்கிறது. 1978-ன் 'டான் ஆஃப் த டெட்'. மன்ரோவில் என்ற ஊரின் பெரிய வணிக வளாகத்தில் எடுத்தது. பிணங்கள் ஏன் கடைக்கு வருகின்றன என்று ஒருத்தி கேட்க, இது அவர்கள் வாழ்க்கையில் முக்கியமான இடமாக இருந்ததல்லவா, ஞாபகம்தான் என்று பதில் வரும். சிரிப்பும் வரும். ரசித்துப் பார்க்கலாம். ஆனால் விமர்சனம் கதவுக்கு முன்னால் வந்து நின்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது. எனக்கு முதல் படம்தான் பெரிது. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் ஏராளம்.

முதல் படம் இவ்வளவு பரவியதற்கு ஒரு கிறுக்குத்தனமான காரணமும் உண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பிரதியிலேயே பதிப்புரிமைக் குறிப்பு இருக்க வேண்டும். படத்தின் பெயரை விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் மாற்றினார். பழைய பெயர் அட்டையில் இருந்த குறிப்பு புதிய அட்டையில் விடுபட்டது. அத்தோடு படம் ஊர்ச் சொத்து. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், நாடா போட்டு விற்கலாம். எடுத்தவர்களுக்குப் போக வேண்டிய பெரும்பணம் போகவில்லை. பர்மா பஜாரில் முப்பது ரூபாய்க்கு நான் வாங்கிய மங்கலான வட்டுகூட அந்த விடுபட்ட ஒரு வரியின் புண்ணியம்தான். அந்தப் பிரதியில் பாதி நேரம் யார் பிணம், யார் ஆள் என்றே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் ஷெரிஃபின் ஆட்களுக்கும் அதே பிரச்சினைதான்.

2017 பிப்ரவரியில் கறுப்பின இயக்குநர் ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' என்ற திகில் படம் வந்தது. ரொமேரோ அந்த ஜூலையில் இறந்தார். தன் படத்துக்கு வழிகாட்டிய படங்களில் ஒன்றாகப் பீல் இதைச் சொல்லியிருக்கிறார். அதன் கடைசிக் காட்சியில் கறுப்பின நாயகன் ரத்தத்தோடு நடுச்சாலையில் நிற்கிறான், பக்கத்தில் அடிபட்ட வெள்ளைக்காரப் பெண், தூரத்தில் போலீஸ் வண்டியின் சிவப்பு நீல வெளிச்சம். அதுவரை வந்த எந்தக் காட்சியிலும் வராத பயம் அந்த வெளிச்சத்தில் வரும். உதவி வருகிறது என்று நினைக்க வேண்டிய இடத்தில் ஏன் நெஞ்சு அடைக்கிறது? பென்னின் சன்னலுக்கு வெளியே வந்ததும் உதவிதான். நாயகன் கைதாவதாக ஒரு முடிவையும் பீல் எடுத்து வைத்திருந்தார். வெளியான படத்தில் வண்டியிலிருந்து இறங்குவது நண்பன். 1968-ல் ஜோன்ஸ் வேண்டாம் என்ற காப்பாற்றலை 2017-ல் பீல் கொடுத்தார். அதற்குள் பார்வையாளர்களுக்கு நிஜத்தில் போதுமான அளவு செத்தவர்களைத் தெரிந்திருந்தது.

ஜோன்ஸ் பிறகு நாடகத்துக்கும் கல்லூரிக்கும் போய்விட்டார். 1973-ல் 'கஞ்சா அண்ட் ஹெஸ்' என்ற படத்தில் நடித்தார், கிடைத்தால் பாருங்கள். பென்னாகவே தன்னைப் பார்க்கிறார்கள் என்பதில் அவருக்குச் சங்கடம் இருந்தது. 1988-ல் 51 வயதில் இறந்தார். 1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தபோது அவர் இல்லை.

திரும்பப் பார்ப்பதானால் 1986-ல் வண்ணம் பூசி விற்றார்களே, பிணங்களுக்குப் பச்சைச் சாயம் அடித்தது, அதைத் தொடாதீர்கள். 2016-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் மூலப் பிரதியிலிருந்து செப்பனிட்ட பதிப்பு இருக்கிறது, அதைத் தேடிப் பிடியுங்கள். முதல் தடவை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஊகிக்கிறேன்: துப்பாக்கி வெடித்தது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன, நிறுத்திவிட்டீர்கள். நானும் பர்மா பஜார் வட்டில் அதைத்தான் செய்தேன். அந்தப் பெயர்களுக்குப் பின்னால்தான் நிழற்படங்கள் வருகின்றன. கொக்கி பிடித்த கைகளைப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பாருங்கள். கடைசியாக ஒருமுறை படம் அசையும், விறகில் தீ பிடிக்கும். அதுவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள், மறுபடி பேசுவோம்.